அந்தோனியாருக்குத் தனி வயர்

தாழ்வுபாட்டுக் கரையில் ஒரு நீலப் பிளாஸ்ரிக் பரல், பெரிய பீப்பாய், இருக்கிறது. உருளாமல் இருக்க அதில் பாதிக்கு மணல் நிரப்பியிருக்கிறார்கள். அதன் மேல் ஏறி நின்று, கரையேற்றிய ஒரு போட்டுக்குள் எட்டிப் பார்த்து, ஒரு பெண் வாய் ஓயாமல் ஏசிக்கொண்டிருப்பதைக் கண்டால் அவளுக்குப் பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் மாக்கிறட். அவள் செய்துகொண்டிருப்பது மின்வேலை. பைத்தியம் என்ற சொல்லை யாருக்காவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால், அவளைப் பரலில் ஏற்றி வைத்தவர்களுக்குக் கொடுக்கலாம்.

போட்டுக்கு வயர் இழுக்கவும் பழுது பிடிக்கவும் அந்தக் கரையில் அவளை விட்டால் ஆளில்லை. அதை எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் பாதர் வந்து மந்திரித்த போட்டில் பெண் கால் வைத்தால் மீன் படாது என்று போட் வைத்திருக்கும் சில சம்மாட்டிமாருக்கு ஒரு சட்டம். எந்தப் பாதர் அப்படிச் சொன்னார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அந்தச் சம்மாட்டிமாரின் கிழிந்த வலையைப் பொத்துவது பெண்கள். மீனுக்கு உப்புப் போடுவது பெண்கள். கருவாட்டைக் காகம் கொத்தாமல் வெயிலில் காவல் இருப்பதும் பெண்கள்தான். கை சுத்தம், கால்தான் தீட்டு. ஒரே உடம்பில் இப்படி இரண்டு சாதி எப்படி வந்தது என்று மாக்கிறட்டுக்கு ஐம்பத்து மூன்று வயதாகியும் விளங்கவில்லை.

ஆகவே அவளுக்குப் பதிலாகப் போட்டுக்குள் போவது அவளுடைய புருஷன் கொன்ஸ்ரன்ரைன். நல்ல மனிதர். அதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் கையில் கொடுத்தால் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு "எது முதல்?" என்று கேட்பார். யார் எதைச் சொன்னாலும் "ஓம்" என்பார். இரண்டு பேர் எதிரெதிராகச் சொன்னால் இரண்டு பேருக்கும் "ஓம்" என்பார். வேலை கொடுப்பவர்கள் அவரிடம்தான் வந்து பேசுவார்கள். கொன்ஸ்ரன்ரைன் வயர் வேலையில் விண்ணன் என்று ஊரில் பெயர். வேலை முடிந்ததும் அவரைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுப்பார்கள். மாக்கிறட்டின் தேத்தண்ணீர் பரலடிக்கு வரும்.

அவள் இந்த வேலையைப் பழகியது மடுப் பக்கத்து அகதி முகாமில். ஒரு வெளிநாட்டு நிறுவனம் இளைஞர்களுக்கு மின்வேலை வகுப்பு நடத்தியது. வருகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு உண்டு. இளைஞர்கள் சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தார்கள். மாக்கிறட் போனதும் சாப்பாட்டுக்குத்தான், ஆனால் அது வரும்வரை சும்மா குந்தியிருக்க அவளால் முடியவில்லை. கடைசி நாளில் பதினெட்டுப் பேருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் பதினேழு பேர் இன்றுவரை ஒரு பியூஸ் மாற்றியதில்லை. நானாட்டானில் தம்பு என்ற வயல்காரரின் உழவு மெசினுக்கு அவள் முழு வயரும் மாற்றிக் கொடுத்திருக்கிறாள். தம்பு அவளைச் சீற்றிலே ஏறி இருக்கச் சொல்லி, வெயில் படாமல் குடையும் பிடித்தார். அந்தப் போகம் அவருக்கு நெல் நன்றாகத்தான் விளைந்தது.

எமில் சம்மாட்டியின் போட்டுக்கு 'அந்தோனியார் துணை' என்று பெயர். மூன்றரைத் தொன், இருபத்திரண்டு வயது. அதற்கு உண்மையில் அந்தோனியார் மட்டும்தான் துணை. வேறு எதுவும் அதில் ஒழுங்காக இருக்கவில்லை. கொன்ஸ்ரன்ரைன் உள்ளேயிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி மணலில் எறிய எறிய, மாக்கிறட்டின் வாய் சூடேறிக்கொண்டே போனது. வீட்டுக்குப் போடுகிற வயர். அழைப்பு மணிக்குப் போடுகிற மெல்லிய பெல் வயர். பழைய ரேடியோவில் கழற்றிய வயர். மூட்டுகளில் இன்சுலேசன் ரேப்புக்குப் பதிலாகப் புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்ரர். பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரட் பெட்டிக்குள் வரும் ஈயத் தாள். செம்பெல்லாம் உப்புக் காற்றில் பச்சையாகி, தொட்டால் மாவாக உதிர்ந்தது.

"சம்மாட்டியார், உந்தப் பிளாஸ்ரர் ஆர் ஒட்டினது?"

"நான்தான் தங்கச்சி. ஒரு அவசரத்துக்கு."

"அப்ப காய்ச்சலுக்குக் குளிசையும் குடுத்தனீங்களோ வயருக்கு?"

பக்கத்தில் வலையிலிருந்த குப்பையைத் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எமில் சிரிக்கவில்லை. அவருக்கு அறுபது வயது. பகிடியெல்லாம் தான் விட்டால்தான் பகிடி என்று நம்புகிற மனிதர். "வேலை செய்யிற வயரை ஏன் கழட்டுவான்? பழுதானதை மட்டும் மாத்தினாக் காணும்," என்றார்.

"இதில வேலை செய்யிற வயர் எதெண்டு ஒருக்காக் காட்டுங்கோ பாப்பம்," என்றாள் மாக்கிறட்.

அவள் விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் இருந்தது. அந்தப் போட்டின் இஞ்சினை ஓட்டுவது அவளுடைய ஒரே மகன் டிலுக்சன். இருபத்தாறு வயது. போன மாசியில் நடுக்கடலில் பற்றரி செத்து, இஞ்சின் எழும்பாமல், ஜிபிஎஸ்சும் அணைந்து, அவனும் இன்னும் மூன்று பேரும் ஒரு பகல் முழுக்க இந்திய எல்லைப் பக்கமாக இழுபட்டுப் போனார்கள். பேசாலைப் போட் ஒன்று கண்டு கட்டி இழுத்துவந்தது. அன்றைக்கு மாக்கிறட் சோறு உண்ணவில்லை. ஒருவரையும் ஏசவுமில்லை. அவள் வாழ்க்கையில் அவள் ஏசாத நாள் அது ஒன்றுதான். அவ்வளவு பயந்திருந்தாள். வேறு போட்டுக்குப் போ என்று மகனிடம் கெஞ்சினாள். வேறு போட்டில் இடமில்லை என்றான். அப்படியானால் இந்தப் போட்டைத்தான் திருத்த வேண்டும் என்று முடிவு செய்தாள். அவன் திரும்பி வருவதும் வராததும் இனித் தன்னுடைய வயரில்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"ஒருக்கா ஏறிப் பாத்தனெண்டா அரை நாளில எல்லாம் பிடிபட்டிடும். ஏறட்டோ சம்மாட்டியார்?"

"உம்மட கால் பட்டா நான் போட்டை வித்துப்போட்டுப் போகவேண்டியதுதான் தங்கச்சி. அந்தோனியார் பொறுக்கமாட்டார்."

"உந்தப் பிளாஸ்ரரைப் பொறுத்தவர் என்ர காலைப் பொறுக்கமாட்டாரோ?"

பொறுக்கமாட்டார் என்று எமில் சொல்லிவிட்டார். அந்தோனியாரை யாரும் கேட்கவில்லை.

மாக்கிறட் வீட்டுக்குப் போய் முற்றத்தில் வேறு ஒரு போட் கட்டினாள். கொன்ஸ்ரன்ரைன் கயிற்றால் அளந்து அளந்து வந்து சொல்ல, மணலில் ஒரு தடியால் அந்தப் போட்டை முழு அளவில் கீறினாள். முன் அணியம் முருங்கை மரத்தடியில், பின்பக்கம் கோழிக்கூட்டோடு முட்டிக்கொண்டு. இஞ்சினுக்கு அம்மிக்கல், பற்றரிக்கு எண்ணெய்க் கலன், சுக்கான் பிடிக்கிற சிறிய அறையில் இருக்கும் அந்தோனியார் சுரூபத்துக்கு ஒரு வெறும் போத்தல். மூன்று நாள் அந்தக் கோடுகளுக்குள் நடந்து நடந்து வயரை அளந்து வெட்டினாள். எத்தனையாவது அடியில் குனிய வேண்டும், எங்கே கால் இடறும் என்பதெல்லாம் அவளுடைய காலுக்குப் பாடமாகிவிட்டது. கோழிகளும் கூடவே நடந்தன. எல்லாம் பேட்டுக் கோழிகள். எமிலுக்கு ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

புருஷனுக்கு நிறம் பிடிபடாது, முடிச்சுப் பிடிபடும். சின்ன வயதிலிருந்து தூண்டில் கட்டிய கை. ஆகவே ஒவ்வொரு வயரின் இரண்டு நுனியிலும் வலைநூலால் முடிச்சுப் போட்டாள். ஒரு முடிச்சு கம்பத்து விளக்கு, இரண்டு முடிச்சு தண்ணீர் இறைக்கும் பம்பு, மூன்று முடிச்சு ஜிபிஎஸ், நான்கு முடிச்சு அந்தோனியாரைச் சுற்றி எரிகிற நீலச் சோடனை விளக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பியூஸ். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பெரிய சுவிச். அதை அணைத்தால் போட்டில் எங்கேயும் ஒரு சொட்டுக் கரண்டும் ஓடக்கூடாது.

நாலாம் நாள் கொன்ஸ்ரன்ரைன் முடிச்சுக்கு முடிச்சுப் பொருத்தினார். மாக்கிறட் பரலில் நின்று சுவிச்சைப் போடச் சொன்னாள், அணைக்கச் சொன்னாள். எல்லாம் எரிந்தன, எல்லாம் அணைந்தன. எமில் மட்டும் முகம் சுருக்கினார்.

"சுவிச்சை அணைச்சா அந்தோனியாரும் அணைஞ்சுபோவாரோ?"

"ஓம். போவார்."

"பாவமெல்லோ அது?"

"அவரும் கொஞ்சம் நித்திரை கொள்ளட்டுமன், சம்மாட்டியார்."

எமில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். மாக்கிறட் பரலிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போனாள்.

அவள் போன பிறகு நடந்ததை இப்போதே சொல்லிவிடலாம். எமில் கொன்ஸ்ரன்ரைனின் தோளில் கைபோட்டு, அந்தோனியாருக்கு மட்டும் சுவிச் இல்லாமல் தனியாக ஒரு வயர் இழுத்துவிடச் சொன்னார். மாக்கிறட்டிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். கொன்ஸ்ரன்ரைன் இரண்டுக்கும் "ஓம்" என்றார். மணலில் எறிந்த பெல் வயரில் ஒரு துண்டை எடுத்து, பற்றரித் தலையிலிருந்து நேரே சுரூபத்துக்குக் கொண்டுபோய் முறுக்கினார். பியூஸ் இல்லை. வயர் கொஞ்சம் கட்டையாக இருந்தபடியால் சுற்றிப் போகாமல் இஞ்சினின் புகைக்குழாய்க்கு மேலாகக் குறுக்கே விட்டார். அவளுடைய நான்கு முடிச்சு வயரைச் சுருட்டி மூலைக்குள் செருகிவைத்தார். இவ்வளவையும் ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, திருத்திய போட்டை மந்திரிக்கப் பாதர் வந்தார். போட்டைத் தண்ணீரில் இறக்கி, காகிதக் கொடி கட்டி, டிலுக்சன் இஞ்சினை எழுப்பி கரையோரமாக இரண்டு சுற்று ஓட்டி, இடுப்பளவு தண்ணீரில் கொண்டுவந்து நிறுத்தினான். வானம் மப்பாக இருந்ததால் விளக்குகள் கரைக்கு நன்றாகத் தெரிந்தன. பாதர் புத்தகத்தை விரிக்க, டிலுக்சன் தாய் சொல்லிக் கொடுத்தபடி இஞ்சினை நிறுத்திப் பெரிய சுவிச்சை அணைத்தான். கம்பத்து விளக்கு அணைந்தது. ஜிபிஎஸ் அணைந்தது. சுக்கான் அறையின் இருட்டுக்குள் அந்தோனியார் மட்டும் நீலமாக எரிந்துகொண்டிருந்தார்.

"சுவிச்சை அணையடா!" என்று கத்தினாள் மாக்கிறட்.

"அணைச்சிட்டன் அம்மா!"

"திருப்பிப் பார்!"

டிலுக்சன் சுவிச்சைப் போட்டு மறுபடி அணைத்தான். அந்தோனியார் அசையவில்லை. சனம் தண்ணீரோரம் நெருங்கி எட்டிப் பார்த்தது. பிறகு, யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் சரி, மழை பெய்தாலும் சரி, எல்லாவற்றையும் முதலில் கண்டுபிடிக்கிற அருளம்மா இரண்டு கையையும் தூக்கினாள்.

"புதுமை! அற்புதம்! அந்தோனியார் புதுமை செய்யிறார்!"

அவ்வளவுதான். முழங்காலில் விழுகிறவர்கள் விழுந்தார்கள். ஃபோனைத் தூக்குகிறவர்கள் தூக்கினார்கள். மேலிடத்துக்கு அறிவிக்காமல் அப்படியெல்லாம் சொல்லக்கூடாது என்று பாதர் மெல்லச் சொன்னார், அது ஒருவருக்கும் கேட்கவில்லை. மாக்கிறட் எமிலைப் பார்த்தாள். அந்த விளக்கு ஏன் எரிகிறது என்று உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும், அதில் ஒருவர் எமில். அந்த மனிதர் வாய் திறக்கவேண்டியதுதானே? இல்லை. கண்ணை மூடிக் கையைக் கூப்பி, புதுமை நடந்த போட்டின் சொந்தக்காரர் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார். கொஞ்சம் கண்ணீரும் வந்தது. தன்னுடைய பொய்யைத் தானே நம்புவதற்கு அவருக்கு ஐந்து நிமிடம் கூடத் தேவைப்படவில்லை.

இரண்டாமவர் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாக்கிறட் புருஷனுக்குப் பக்கத்தில் போனாள்.

"அந்தத் தனி வயரை எதுக்கு மேலால விட்டனீங்கள்?"

"குழாய்க்கு மேலால," என்றார் கொன்ஸ்ரன்ரைன், உதடு அசையாமல்.

மாக்கிறட் அந்த வயரை மனதுக்குள் பின்தொடர்ந்து போனாள். புகைக்குழாய் கொதிக்கும். பெல் வயரின் தோல் உருகும். உள்ளே இருக்கிற செம்பு இரும்பில் முட்டினால் முழுப் பற்றரியும் அந்த நூல் மாதிரி வயருக்குள் பாயும். தடுக்கப் பியூஸ் இல்லை, அணைக்கச் சுவிச் இல்லை. அதற்குக் கீழே ஒரு சாண் இறக்கத்தில் டீசல் போகிற குழாய். நாளைக்கு விடியத் தொழிலுக்குப் போகிறார்கள். குழாயோடு முட்டிக்கொண்டு நிற்கப்போகிறவன் அவளுடைய பிள்ளை.

"சொல்லுங்கோ. உங்கட கையால பூட்டின வயரெண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ."

கொன்ஸ்ரன்ரைன் மனைவியைப் பார்த்தார், சம்மாட்டியைப் பார்த்தார், பாதரைப் பார்த்தார். மூன்று பேருக்கும் ஒரேயடியாக "ஓம்" சொல்ல வழியில்லாதபடியால் வாயை மூடிக்கொண்டார்.

"உது புதுமையில்லை, வயர்!" என்று அவளே கத்தினாள். "டிலுக்சன், உள்ளுக்குப் போய்ப் பற்றரித் தலையில எத்தினை வயர் கிடக்கெண்டு பார்!"

"தொடாதை தம்பி!" என்றார் எமில். "அந்தோனியார் கொளுத்தின விளக்கில மனிசர் கை வைக்கக்கூடாது."

டிலுக்சன் தாயைப் பார்த்தான். முழங்காலில் நின்ற சனத்தைப் பார்த்தான். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

எமிலின் நாடகம் அவளுக்குச் சிரிப்பைத்தான் தந்தது. புருஷனின் பயம் அவளுக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் மகன் கையைக் கட்டியது சுட்டது. இந்தக் கைகளுக்காகத்தானே நான் மூன்று நாள் கோழிகளோடு நடந்தேன் என்று நினைத்தாள்.

பூசைச் சேலையோடு தண்ணீரில் இறங்கினாள். இடுப்பளவு வந்ததும், போட்டின் பக்கத்தில் தொங்கிய பழைய வாகன ரயரில் காலை வைத்து மேலே எழும்பினாள். கரையில் ஒரு பெரிய ஓலம் எழுந்தது. அவள் அதுவரை ஒருநாளும் ஏறாத போட் அது. ஆனால் அவளுடைய காலுக்கு ஒரு பலகையும் புதிதாக இருக்கவில்லை. எட்டாவது அடியில் குனிந்தாள், பதினோராவதில் விலகினாள், அம்மிக்கல் இருந்த இடத்தில் இஞ்சின் இருந்தது. பூசைக்கும் இடுப்பில் குறடு செருகிக்கொண்டு போகிறவள் அவள். பெல் வயரைப் பற்றரியடியில் நறுக்கென்று வெட்டினாள்.

அந்தோனியார் அணைந்தார்.

வயரை இழுத்து எடுத்தாள். குழாய்க்கு மேலே கிடந்த இடத்தில் அதன் தோல் பிசின் மாதிரி இளகி, செம்பு பளிச்சென்று தெரிந்தது. இரண்டு சுற்று ஓடியதற்கே அப்படி. அதைத் தூக்கிக் கரைக்குக் காட்டினாள். ஒருவரும் வயரைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவளுடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பெம்பிளை ஏறினவுடன அந்தோனியார் போயிட்டார், பாத்தியளோ!" என்றாள் அருளம்மா.

கதை அப்படித்தான் பரவியது. செவ்வாய்க்கிழமை முருங்கனுக்குப் போகிற பஸ்சில் பக்கத்துச் சீற்றில் இருந்த ஒரு மனிசி, தாழ்வுபாட்டில் பேய் பிடித்த ஒருத்தி போட்டில் ஏறி அந்தோனியாரை அணைத்துவிட்டாளாம் என்று மாக்கிறட்டுக்கே சொன்னாள்.

"அந்தப் பேயை எனக்குத் தெரியும்," என்றாள் மாக்கிறட். "அதுக்கு வாய் கொஞ்சம் நீளம்."

எமில் போட்டுக்கு இன்னொரு தரம் தீர்த்தம் தெளிப்பித்து, புதன்கிழமை தொழிலுக்கு நாள் குறித்தார். அதற்கிடையில் அந்தப் போட்டில் போகிற மற்ற மூன்று பேரும், மூன்று வேறு நேரத்தில், மாக்கிறட்டின் வீட்டு வேலியில் பின்வாசல் படலையால் வந்து, "அக்கா, வேற வயர் ஒண்டும் கிடக்காதெல்லோ?" என்று குசுகுசுத்துக் கேட்டார்கள். கரையில் அவளைக் கண்டால் அதே மூன்று பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் மூன்று பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள்: "போய் முன்படலையால வாங்கோ." ஒருவரும் வரவில்லை. டிலுக்சன் வீட்டில் சாப்பிட்டான், படுத்தான், தாயோடு பேசவில்லை. 

புதன்கிழமை வெயில் ஏறுகிற நேரம் கரையில் ஏதோ சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தாள். டிலுக்சன் அவளுடைய நீலப் பரலை உருட்டிக்கொண்டு போனான். பாதிக்கு மணல் நிரப்பிய பரல். ஒருவரும் கைகொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. வலையடியில் நின்றவர்கள் வாய் பார்க்க, அதைத் தண்ணீருக்குள் இறக்கிப் போட்டோடு சேர்த்து நிமிர்த்தி வைத்தான்.

"என்ன தம்பி செய்யிறாய்?" என்றார் எமில்.

"அம்மா ஏறிப் பாக்காமல் நான் இஞ்சினை எழுப்பமாட்டன் சம்மாட்டியார்."

எமில் மற்ற மூன்று பேரையும் பார்த்தார். அவர்களுக்கு அந்த நேரம் பார்த்துத் தங்கள் கால்விரலில் ஏதோ வேலை வந்துவிட்டது. வேறு இஞ்சின்காரன் இல்லை. "கெதியா முடியுங்கோ," என்று சொல்லிவிட்டு, தான் பார்க்காவிட்டால் அது நடக்கவில்லை என்ற கணக்கில் கோயில் பக்கமாகத் திரும்பி நின்றார்.

டிலுக்சன் ஒரு கையால் பரலைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை நீட்டினான். மாக்கிறட் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. பரலில் கால் வைத்துத் தானாக ஏறினாள்.

உள்ளே சுரூபத்துக்குப் பின்னால் நான்கு முடிச்சு வயர் பூட்டியிருந்தது. பியூசுக்குப் போய், சுவிச்சுக்குப் போய், குழாயை விட்டு விலகிச் சுற்றி வந்திருந்தது. ஒரு முடிச்சு மட்டும் புதிது. பழையது அவிழ்ந்திருக்க வேண்டும்.

"ஆர் பூட்டினது?"

"நான்தான்."

அவள் வயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"அணை."

அவன் சுவிச்சை அணைத்தான். அந்தோனியார் அணைந்தார்.

"போடு."

அந்தோனியார் எரிந்தார். மாக்கிறட் அந்தப் புது முடிச்சை விரலால் தடவிப் பார்த்தாள். ஏசுவதற்கு எவ்வளவோ வைத்திருந்தாள். அதில் ஒன்றைத்தான் எடுத்தாள்.

"முடிச்சு வடிவாயில்லை," என்றாள். "கடலால வந்து திருப்பிக் கட்டு."

"வந்து கட்டுறன் அம்மா," என்றான் டிலுக்சன்.